வடக்குப் பந்தலுக்கும் தெற்குப் பந்தலுக்கும்

கர்த்தருக்குள் அன்பான நம் சபையாருக்கு,

இந்த மடலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோயில் நடையில் உள்ள பலகையிலும் இன்னொன்றை ரைஸ்மில் சுவரிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். எதை முதலில் ஒட்டினாய் என்று அந்தப் பையனை யாரும் பிடித்து விசாரிக்க வேண்டாம். அவன் வீட்டுக்குப் போகிற வழியில் எது முதலில் வருகிறதோ அதில் ஒட்டியிருப்பான்.

நான் யாரென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குக் கைபிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவள். மீதிப் பேரின் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். வயதானவர்களுக்கு உபதேசியார் மகள் என்றால் போதும். எந்தப் பக்கமும் சாராதவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். போன சேகர கமிட்டித் தேர்தலில் நானும் ஓட்டுப் போட்டேன். யாருக்குப் போட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் ரகசிய வாக்கெடுப்பு வாக்கு எண்ணும் வரைக்கும்தான் ரகசியம்.

அடுத்த மாதம் பிரதிஷ்டை பண்டிகை. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்கலாம் என்று இரண்டு முறை புறப்பட்டேன். வடக்கே போனால் தெற்கில் இருந்து போன் வருகிறது, தெற்கே போனால் வடக்கில் இருந்து போன் வருகிறது. அதனால்தான் மடல்.

போன வருஷம் நம் ஊரில், பண்டிகைக்கு ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனம் இரண்டு நடந்தது. கோயில் வளாகத்தில் ஒரு பந்தல், மில் களத்தில் ஒரு பந்தல். நடுவில் இருநூறு அடி இருக்குமா? அங்கே மைக்கில் பண்ணின ஜெபமும் இங்கே மைக்கில் பாடின கீர்த்தனையும் நடுரோட்டில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் ஊர் முழுமைக்கும் பொங்கினீர்கள். அவர்களுக்குக் குறைந்துபோய்விடக் கூடாதென்று இரண்டு பக்கமும் ஒரு மூட்டை கூடுதலாகவே போட்டீர்கள். அண்டா கூடியதே தவிர, ஊரில் வயிறு கூடவில்லை. மறுநாள் விடியற்காலையில் நான் பால் வாங்கப் போகும்போது, கோயில்பிள்ளை பனைவிளையில் மண்வெட்டியோடு நின்றார். இடுப்பளவு குழி. பக்கத்தில் ஓலைப்பாயில் குவித்து வைத்திருந்த சோறு. பாயின் ஒரு முனையைத் தூக்கினார். வெள்ளை வெளேரென்று சரிந்து குழிக்குள் போனது. "நீங்க போங்க டீச்சர், வாடை அடிக்கு" என்றார். திரும்பி வரும்போது மில்லுக்குப் பின்னால் இன்னொரு குழி. அதை வெட்டியவரும் எனக்குச் சொந்தக்காரர்தான்.

நம் டீக்கடைக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் தன் குலதெய்வக் கோயில் கொடைக்கு நம்மிடம் ஒரு பைசா வரி கேட்டதில்லை. ஆனால் நம் அசனத்துக்கு வருஷம் தவறாமல் ஒரு சிப்பம் அரிசி கொடுக்கிறவர். அவர் அப்பா காலத்துப் பழக்கம். போன வருஷம் அவர் என்னிடம், "டீச்சர், அரிசிய எந்தப் பக்கம் இறக்க? ரெண்டு பக்கமும் ஒரே ஏசுதான?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே குழம்பித்தான் கேட்டார். கடைசியில் சிப்பத்தைப் பிரித்து அரை அங்கே, அரை இங்கே கொடுத்தார். நாம் அவருக்குச் சொன்ன சுவிசேஷம் அதுதான்.

இரண்டு பந்தலின் பேனரிலும் ஒரே முத்திரை இருந்தது, நம் தென்னிந்தியத் திருச்சபையின் முத்திரை. தாமரைக்கு நடுவில் சிலுவை. அதைச் சுற்றி எழுதியிருப்பது, தம்மைப் பின்பற்றுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆண்டவர் சிலுவைக்குப் போகும் முந்தின இரவில் பண்ணின ஜெபம். இரண்டு பேனரையும் அடித்தது ஒரே பிளக்ஸ் கடை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கடைக்காரர் சிரித்திருப்பார்.

அந்த முத்திரை எப்படி வந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் கொஞ்சம் பழைய கதை.

1919 மே மாதம். மிஷனெரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று ஊழியர்கள் கூடினார்கள். இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் இந்தியர்கள். கூட்டத்தை முன்னின்று நடத்தியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் ஊர்க் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-ல் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள். பேசப் பேச வேறொன்று வெளியே வந்தது. ஒரு ஊரில் ஆங்கிலிக்கன், அடுத்த ஊரில் மெதடிஸ்து, அதற்கடுத்த ஊரில் ஐக்கிய சபை என்று இருந்தால், புதிதாக வருகிறவனிடம் எந்தக் கிறிஸ்துவைக் காட்டுவது? அங்கே அவர்கள் எழுதி வெளியிட்ட அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமும் இல்லை என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். வாஸ்தவம்தான். இங்கிலாந்திலே ராஜாவுக்கும் குருமாருக்கும் வந்த சண்டைக்கு நம் பனங்காட்டில் இரண்டு மணிக்கூண்டு எதற்கு?

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் பேச்சுவார்த்தை. ஒரு கமிட்டிக் கூட்டம் இரண்டு மணி நேரம் நீண்டாலே நாற்காலியைத் தூக்குகிறவர்கள் நாம், அதனால் இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எங்கே சிக்கியது தெரியுமா? யார் கை யார் தலையில் வைக்கப்பட்டது என்பதில்தான். அப்போஸ்தலர் காலம் தொட்டு வழிவழியாக வந்த பேராயரின் கை வைத்தால்தான் குருத்துவம் செல்லும் என்றது ஆங்கிலிக்கன் தரப்பு. அப்படியானால் இத்தனை வருஷம் எங்கள் ஐயர்மார் கொடுத்த அப்பமும் ரசமும் வெறும் அப்பமும் ரசமுமா என்றது மற்றத் தரப்பு. இரண்டு பக்கமும் மனச்சாட்சியோடுதான் நின்றார்கள். அது பதவிச் சண்டை அல்ல. ஆனாலும் கடைசியில் எப்படி முடித்தார்கள்? யாருக்கும் மறுபடி குருப்பட்டம் கொடுப்பதில்லை, இருக்கிற எல்லா ஐயர்மாரும் இருக்கிறபடியே ஏற்கப்படுவார்கள், இனி வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார், ஒரு சபையின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவை அதன் தலையில் கட்டுவதில்லை, முப்பது வருஷம் கழித்து மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். பேராயரே வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பேராயரை ஏற்றார்கள். பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்றவர்கள், அவர் கை படாதவர்களின் பந்தியில் முழங்காலிட்டார்கள். அதற்காக இங்கிலாந்திலிருந்த தங்கள் ஆட்களிடமே வசையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாற்பத்து மூன்றாம் நாள். வடக்கே பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது, ரயில் ரயிலாகப் பிணங்கள் வருகின்றன. அந்த நேரத்தில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் மூன்று சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியே கண்ணை மூடிவிட்டார்.

இதை எதற்கு இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அவர்களால் பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது. நம்மால் சொல்ல முடியாது. கமிட்டித் தேர்தலில் வந்த பதினொரு ஓட்டு வித்தியாசத்துக்கு எந்த வெள்ளைக்காரன் காரணம்? ஆராதனை நடுவில் மைக்கைப் பிடுங்கச் சொல்லி லண்டனிலிருந்து தந்தி வந்ததா? நம் பந்தல் இரண்டும் நம் சொந்த மூங்கிலில், நம் சொந்தக் கையால் கட்டியவை.

உண்மையைச் சொன்னால், சொந்தக் கைவேலைக்கும் நம்மிடம் பழைய சரித்திரம் உண்டு. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடுவது சுலபம், பக்கத்துப் பாயில் உட்காருகிறவனைச் சகிப்பது கஷ்டம் என்று காட்டினார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் ஒரே பீடத்தைப் பார்த்தபடி இரண்டு கூடங்கள் கட்டி நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்ததற்கு வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிற ஊர்கள் இன்றும் இருக்கின்றன. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க மாட்டார்களாம். உயிர்த்தெழுதல் நாளில் எந்தச் சுவரைத் தாண்டி யார் எழும்புவார்களோ.

கொரிந்து சபைக்குப் பவுல் கோபமாக எழுதின விஷயமும் சாப்பாட்டு விஷயம்தான். வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடிந்து வியர்வையோடு வருகிற கூலிக்காரனுக்கு வெறும் பாத்திரம்தான் கிடைக்கும். அதற்கா திருவிருந்து என்று பேர் வைத்தீர்கள் என்கிற தோரணையில் கேட்கிறார். அந்த அதிகாரத்தைத் திருவிருந்து ஆராதனை தோறும் வாசிக்கக் கேட்கிறோம். ஆனால் நமக்கு வேண்டிய வரிகளை மட்டும் கேட்டுவிட்டு, பாத்திரத்து விஷயம் வரும் பகுதியை விட்டுவிடுகிறோம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அசனத்துக்கு நாலு பந்தி. முதல் பந்தி ஐயர் பங்களா திண்ணையில், கமிட்டிக்காரர்களுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும். தலைவாழை இலை, பித்தளைச் செம்பு, ஆட்டுக்கறியில் நல்ல துண்டு. இரண்டாம், மூன்றாம் பந்திகள் வேப்பமரத்தடியில் ஊருக்கு. நாலாவது பந்தி சாயங்காலம், கீழத்தெருக்காரர்களுக்கு. விறகு உடைத்தவர்கள், அண்டா தூக்கியவர்கள், ஆடு உரித்தவர்கள், குழி வெட்டியவர்கள் எல்லாரும் அந்தப் பந்திதான். அவர்களும் நம்மைப்போல ஞானஸ்நானம் வாங்கியவர்கள், அதே கோயில், அதே மணி. கடைசிப் பந்திக்கு வாழையிலை தீர்ந்துபோயிருக்கும், பனையோலைப் பட்டையில்தான் சோறு.

உபதேசியாருக்குப் பங்களாத் திண்ணையில் ஒரு இலை உண்டு. அந்த வருஷம் அப்பா அந்த இலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் பரிமாறிக்கொண்டே இருந்தார். நாலாம் பந்தி உட்கார்ந்ததும், தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு அதில் ஒரு ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. திண்ணையில் என் வகுப்புப் பெண்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டு நின்றார்கள், எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா இரண்டாம் முறை கூப்பிட்ட குரலில் போய் உட்கார்ந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி சாப்பிட்டேன். அண்டாவின் அடிக்குழம்பு. கறித்துண்டே இல்லை, எலும்பும் கத்திரிக்காயும்தான். பட்டையின் இடுக்கு வழியாக என் பாவாடையில் குழம்பு ஒழுகியது.

அப்பா ஏதோ பிரசங்கம் பண்ணியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், "அடிக்குழம்புல உப்பு ரொம்பக் கூடிப்போயிருக்கு, இந்தப் பயலுவ வருசா வருசம் இதையால்லா தின்னுருக்கான்" என்றார். அவ்வளவுதான். கமிட்டியில் இருந்து அவருக்குப் பேச்சு விழுந்தது. அடுத்த வருஷம் நாலாம் பந்திக்குத் தனி அண்டா வைத்தார்கள், உப்புச் சரியாக இருந்தது. பந்தியை ஒன்றாக்க இன்னும் பல வருஷம் ஆனது. சில சீர்திருத்தங்கள் உப்பில்தான் ஆரம்பிக்கும் போல.

அப்பா மகள் என்று என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள். கோயிலில் பீடத்திலிருந்து மூன்றாவது மின்விசிறியை அண்ணாந்து பாருங்கள். மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் "உபயம்" என்று போட்டு என் பெயரும், நான் வாங்கின பட்டங்களும், பணி ஓய்வு பெற்ற ஆண்டும் எழுதியிருக்கும். அப்பாவின் ஞாபகமாகக் கொடுத்த விசிறி, அவர் பெயர் மட்டும் இடம் போதாமல் விட்டுப்போனது. விசிறி ஓடினால் எழுத்துத் தெரியாது, நின்றால்தான் தெரியும். கரண்டு போன ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் வியர்த்து வழியும்போது, என் பெயர் மட்டும் ஜம்மென்று தெரியும். அதைப் பார்த்து ஒரு காலத்தில் பூரித்திருக்கிறேன். இந்த வாரம் ஏணி வைத்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன். பெயின்ட் உரிக்கும் கூலி என்னுடையது.

நம் கோயிலில் பெயரில்லாத பொருள் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நாற்காலி முதுகில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர், காம்பவுண்டுச் சுவரில் கல்வெட்டு, அந்தக் கல்வெட்டை உடைத்துப் புதுக் கமிட்டியின் கல்வெட்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் போன தொகையைச் சொன்னால் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். அது ஆண்டவருக்குப் படைத்த தேங்காய்க்கான விலை அல்ல, எதிரில் நின்றவரின் மூக்கை உடைக்கக் கொடுத்த விலை. பெருமன்ற உறுப்பினர் ஆனவருக்குப் பஸ் நிறுத்தத்தில் கைகூப்பின படத்தோடு பேனர். சீஷர்களின் காலைக் கழுவியவர் இடுப்பில் கட்டின துண்டு நம் காலத்தில் பொன்னாடை ஆகிவிட்டது. பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேர் காலைக் கழுவுகிற ஆராதனைக்கு, நம் ஊரில் எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு பக்கத்தார், "பார்த்தாயா, டீச்சரே சொல்லிவிட்டார், நீங்கள் தாழ்ந்து வாருங்கள்" என்று மறுபக்கத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். அதற்குத்தான் இப்போது வருகிறேன்.

தாழ்மையைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் கேட்டது கொஞ்சமல்ல. அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் மனசு கசக்கிறது. மருமகளுக்குத் தாழ்மை வேண்டும், மாமியாருக்கு வேண்டாம். கோயில்பிள்ளைக்கு வேண்டும், கணக்கருக்கு வேண்டாம். கீழத்தெருவுக்கு வேண்டும், மேலத்தெருவுக்கு வேண்டாம். அடி வாங்கினவனிடம் போய்ப் பொறுமையாக இரு என்பதற்குத் தாழ்மை என்று பேர் வைத்துவிட்டோம். ஆண்டவர் கதையில் துண்டை எடுத்துக் கட்டியது பந்தியில் முதலிடத்தில் இருந்தவர். மற்றவர்களிடம் கொடுத்து, நீங்கள் கழுவுங்கள், ஐக்கியமாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பிரிகிறவன் எல்லாம் பெருமைக்காரன் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1849-ல் மிஷனெரி கால்டுவெல் நம் முன்னோரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தமிழுக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு ஜனத்தையே கேவலமாகக் காட்டியது. அந்தக் காயத்தோடும் மிஷனெரிகள் நடத்திய விதத்தில் வந்த கசப்போடும் 1857-ல் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை தனிச்சபை கண்டார். மேனாட்டு வழக்கங்களை ஒதுக்கினார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். அவரைக் கலகக்காரர் என்று எழுதியவர்கள் உண்டு. என் கேள்வி வேறு. மிதித்தவன் காலை எடுக்காமல், மிதிபட்டவனைப் பார்த்து ஐக்கியம் பேசினால் எப்படி? அதே அசரியாதான் 1910-ல் எடின்பரோவில், உலகத்து மிஷனெரிகள் கூடின மாநாட்டில், நீங்கள் எங்களுக்கு எல்லாம் கொடுக்கிறீர்கள், நட்பை மட்டும் கொடுப்பதில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேராகப் பேசினார். அங்கே பலருக்குக் கோபம் வந்தது. அப்படிப் பேசியவர்தான் பிற்பாடு ஐக்கியத்துக்காக உயிருள்ளவரை அலைந்தார். மனசில் இருந்ததைச் சொன்னதால்தான் அவரால் ஒன்றாக உட்கார முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆகையால் கோர்ட்டு வரை போயிருக்கிற பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவர்க் கணக்கை மறந்துவிடுங்கள் என்று தெற்குப் பந்தலைக் கேட்க மாட்டேன். கணக்குக் கேட்பது பாவமில்லை. வடக்குப் பந்தலில் இருக்கிற அண்ணாச்சிமாரே, சிமெண்டு எத்தனை மூட்டை, செங்கல் எத்தனை லோடு, கூலி யாருக்கு எவ்வளவு என்று ரசீதோடு கோயில் நடையில் ஒட்டுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லையென்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். தெற்குப் பந்தல் தம்பிமாரே, ஒட்டின பிறகு வழக்கை என்ன செய்வது என்று நீங்கள் உட்கார்ந்து யோசியுங்கள். வக்கீல் பீசுக்கு நம் கைப்பிடி அரிசிக் காணிக்கை எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துத் தனிக் கலயத்தில் போட்ட நம் ஆத்தாமார், அது கோர்ட்டுக்குப் போகும் என்று நினைத்தா போட்டார்கள்? ஆராதனை நேரத்தில் கோயில் வாசலில் நிற்கிற இரண்டு போலீஸ்காரர்களுக்கும் டீ வாங்கிக் கொடுப்பது அந்தப் பழைய டீக்கடைக்காரர்தான். அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் அதெல்லாம் நாளாகும். தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் நடுவிலேயே இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. எனக்கு வயது அறுபத்தெட்டு, அவ்வளவு காத்திருக்க முடியாது. அதனால் நான் கேட்பது வழக்கைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ அல்ல, அசனத்தைப் பற்றி மட்டும்தான்.

இந்த வருஷம் ஒரே இடத்தில் பொங்குவோம். கோயில் வளாகம் வடக்குப் பக்கத்தாருக்குச் சொந்தம்போல ஆகிவிட்டது, மில் களம் தெற்குப் பக்கத்தாருக்கு. ஆகவே இரண்டும் வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் வைப்போம். தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். பந்தல் ஒன்று, அடுப்பு வரிசை ஒன்று. மைக் வேண்டாம். ஐயர் ஒரு ஜெபம் பண்ணட்டும், மைக் இல்லாமல் பண்ணினாலும் அது போகிற இடத்துக்குப் போகும். பேனர் வேண்டாம். நன்கொடைப் பட்டியல் வாசிக்க வேண்டாம். பரிமாற இரண்டு பக்கத்திலும் பதவியில் இருந்தவர்களும் இருக்கிறவர்களும் நில்லுங்கள். செயலரே சோற்று வாளியைத் தூக்கட்டும், போட்டியிட்டுத் தோற்றவர் குழம்பு வாளியைத் தூக்கட்டும். சோறு முன்னே போக, குழம்பு பின்னாலேயே வந்தாக வேண்டும் அல்லவா, எப்படியும் ஒரே வரிசையில்தான் நடப்பீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம், இலையைப் பார்த்தால் போதும்.

முதல் பந்தி கீழத்தெருவுக்கு. இதைத் தள்ளுபடி பண்ணாதீர்கள். கடைசிப் பந்தியில் நானும், பரிமாறின நீங்களும். அடிக்குழம்பில் உப்பு எப்படி இருக்கிறது என்று நாம் தின்று பார்ப்போம்.

மதினிமாரே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டு ஆண்கள் பேசாமல் இருந்தார்கள் என்றால், நாமும்தான் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். ஒரு தங்கச்சி வீட்டு வளைகாப்புக்கு அக்கா போகவில்லை. ஆண்கள் சமாதானம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால், காய் நறுக்க ஆளிருக்காது.

அரிசிக்கு டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "முழுச் சிப்பமா டீச்சர்?" என்று கேட்டார். முழுச் சிப்பம்தான் என்றேன். நீங்கள் என்னைப் பொய்க்காரி ஆக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் சொன்னேன். கத்திரிக்காய் மூன்று மூட்டை, அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தையிலிருந்து வந்து இறங்கும். தேங்காய் துருவுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது, இஞ்சி பூண்டு உரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். உடைமுள் விறகு போதாது, பனைமட்டை காய்ந்தது வைத்திருப்பவர்கள் மைதானத்து மேற்குச் சுவரோரம் கொண்டுவந்து போடுங்கள். எந்தப் பக்கத்து மட்டை என்று நெருப்பு கேட்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மைதானத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து என் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருப்பேன். இன்னும் பன்னிரண்டு அரிவாள்மணை வேண்டும். வருகிறவர்கள் உட்காருவதற்குப் பலகையும் ஒரு வாளி தண்ணீரும் கொண்டுவாருங்கள். நறுக்கின கத்திரிக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்,
உபதேசியார் மகள்